எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு

2015 டிசம்பர் 20 அன்று இரவு, பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்கம்பக்கத்தார் பதினைந்து பேர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். வெள்ளம் வடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நீர் நின்ற கோடு சுவரில் அப்படியே இருந்தது. ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரில் எங்கள் ஊர் அணியான சென்னையின் எஃப்சி சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியை அந்த வெள்ளத்தால் புனேவில் ஆட நேர்ந்திருந்தது. கோவாவின் ஃபதோர்டாவில் நடந்த இறுதிப் போட்டியின் 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியபோது, கூடத்தில் இருந்தவர்களில் சிலர் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அதன் பிறகு 90-ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல்கீப்பர் வழியாக ஒரு சொந்த கோல், தொண்ணூறு நிமிடத்தோடு சேர்த்துத் தரப்பட்ட நிமிடங்களில் எங்கள் மெண்டோசாவின் கோல் என ஆட்டம் 3-2 ஆகி, கோப்பை சென்னைக்கு வந்தது.

அன்றைய பேச்சு முழுவதும் மெண்டோசாவின் காலைப் பற்றியும் பயிற்சியாளர் மத்தெராஸியின் துணிவைப் பற்றியுமே இருந்தது. எனக்கோ வேறொரு கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வாரங்களில் அந்த அணி ஆடிய பதினேழாவது ஆட்டம் அது. அத்தனை ஆட்டங்களுக்கும் அத்தனை பயணங்களுக்கும் பிறகு, தொண்ணூறாவது நிமிடத்தைக் கடந்தும் எதிரணியின் பின்வரிசையை நோக்கி முழு வேகத்தில் ஓடும் வலு ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? இளமையும் வெறியும் அதில் பாதி என்றால், மீதிப் பாதியை யாரோ ஒருவர் வாரக்கணக்கில் அளந்து அளந்து சேமித்து வைத்திருக்க வேண்டும். கோப்பையோடு எடுக்கும் படத்தில் ஓரமாக நிற்கும் அந்த மனிதரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மைதானத்தில் அவரை ட்ரெய்னர் என்பார்கள், ஃபிட்னஸ் கோச் என்பார்கள். உடல்வலுவையும் ஆட்டத்துக்கான தாங்குதிறனையும் வளர்ப்பதே அவர் பொறுப்பு.

ஆட்டத்துக்கு முன் கூம்புகளை வரிசையாக வைத்து வார்ம் அப் செய்ய வைப்பவர் என்றே பெரும்பாலோர் அவரை நினைக்கிறார்கள். அது அவர் வேலையில் மிகச் சிறிய பகுதி. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் ஒரு போட்டியில் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் முழு வேக ஓட்டம் சில நூறு மீட்டர்தான், ஆனால் கோல் விழுவதும் தசை கிழிவதும் பெரும்பாலும் அந்தச் சில நூறு மீட்டரில்தான். சனிக்கிழமை தொண்ணூறு நிமிடம் ஆடியவருக்கு ஞாயிற்றுக்கிழமை தேவைப்படுவது ஓய்வும் மெல்லிய அசைவும். அதே சனிக்கிழமை பெஞ்சில் அமர்ந்திருந்தவருக்கோ விட்டுப்போன வேக ஓட்டத்தை ஈடுசெய்யும் கடுமையான பயிற்சி தேவை. வாரத்தின் நடுவில் எடைப்பயிற்சியும் முழு வேக ஓட்டமும் வர வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் கால்கள் புதிதாக இருக்க வேண்டும். சட்டைக்குள் அணியும் ஜிபிஎஸ் உள்ளாடை யார் எவ்வளவு ஓடினார் என்பதைச் சொல்லிவிடும். இருபத்தைந்து பேருடைய எண்களை எதிரில் வைத்துக்கொண்டு, இவனுக்கு இன்னும் நான்கு ஓட்டம், அவனுக்கு இன்று போதும் என்று முடிவெடுப்பது மனிதரின் வேலை.

இந்த முடிவுகளின் விலையை நான் என் காலிலேயே அறிந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், நகரின் ஒரு துறை அணிக்காக லீக்கில் ஆடிக்கொண்டிருந்தேன். பயிற்சி என்பது மைதானத்தைப் பத்துச் சுற்று, பிறகு நின்ற இடத்தில் குனிந்து நிமிர்வது, பிறகு ஆட்டம். ஒரு மாலை, பக்கக்கோட்டை ஒட்டிப் பந்தைத் துரத்தும்போது, பின் தொடையில் யாரோ கல்லெறிந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார்கள். பத்து நாளில் வலி குறைந்தது. அணிக்கு ஆள் தேவைப்பட்டது. நானும் ஆட ஆசைப்பட்டேன். பன்னிரண்டாவது நாள் அதே இடத்தில் தசை மறுபடி கிழிந்தது, இம்முறை ஆழமாக. அந்தப் பருவத்தோடு என் வேகம் போயிற்று. இரண்டு ஆண்டுகளில் ஆட்டமும் போயிற்று. அன்று எங்கள் மைதானத்தில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இல்லை. வலி போனதையும் தசை ஆறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரும் ஒருவர்கூட இல்லை.

நான் பட்டது அரிய விபத்து ஒன்றுமில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஐரோப்பாவின் முன்னணி அணிகளின் காயங்களை ஸ்வீடனைச் சேர்ந்த யான் எக்ஸ்ட்ராண்ட் 2001 முதல் தொடர்ந்து பதிவுசெய்து வருகிறார். 25 பேர் கொண்ட ஓர் அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 15 தசைக் காயங்களை எதிர்பார்க்கலாம் என்றும், அவற்றில் 16 விழுக்காடு ஏற்கெனவே அடிபட்ட இடத்திலேயே மீண்டும் வருபவை என்றும், அப்படித் திரும்பி வருபவை ஆட்டக்காரரை இன்னும் நீண்ட காலம் வெளியே உட்கார வைக்கின்றன என்றும் அந்தப் பதிவுகள் காட்டின. மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின் தொடைத் தசையின் பங்கு 2001-02 பருவத்தில் 12 விழுக்காடாக இருந்து 2021-22 பருவத்தில் 24 விழுக்காடாகியிருக்கிறது. ஆட்டம் வேகமாகிவிட்டது, ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. அந்தச் சுமையைத் தாங்குவது அதே தசைதான்.

முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, பின் தொடைத் தசை நீண்டுகொண்டே அந்த வீச்சைத் தடுத்து நிறுத்துகிறது. கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். ஆகவே தசை நீளும்போதே வலுவோடு இருக்க அதைப் பழக்க வேண்டும். அதற்கு நார்டிக் என்றொரு பயிற்சி உண்டு: முழங்காலிட்டு நின்று, ஒருவர் பின்னாலிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடலை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாய வேண்டும். இயந்திரம் வேண்டாம், பணம் வேண்டாம். டென்மார்க்கில் 50 அணிகளைச் சேர்ந்த 942 ஆட்டக்காரர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், பத்து வாரம் இதைப் படிப்படியாகச் செய்த அணிகளில் இந்தக் காயங்கள் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தன. அது வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்து, சாம்பியன்ஸ் லீக் அணிகளிலும் நார்வேயின் முதல் நிலை அணிகளிலும் யார் இதை முறைப்படி செய்கிறார்கள் என்று விசாரித்தபோது, ஆறில் ஐந்து பங்கு செய்யவில்லை என்று தெரிந்தது.

இந்தச் செய்தியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உலகின் பணக்கார அணிகளிடமே இந்த நிலை என்றால், அறிவு அச்சில் இருப்பது மட்டும் போதாது. முதல் வாரம் தொடை கடுக்கும், ஆட்டக்காரர் முணுமுணுப்பார், தோற்றுக்கொண்டிருக்கும் தலைமைப் பயிற்சியாளர் அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கார்னர் கிக் பழகக் கேட்பார். அப்போதெல்லாம் விட்டுக்கொடுக்காமல், எவரையும் பகைத்துக்கொள்ளாமல், பத்து வாரமும் அதைச் செய்ய வைக்க ஓர் ஆள் வேண்டும். என் மதிப்பில், ஓர் ஆட்டக்காரரின் உடம்பைப் பற்றி எல்லோருக்கும் முன்பாக "இன்று இவன் ஆட வேண்டாம்" என்று சொல்லும் துணிவும், சொன்னால் அது கேட்கப்படும் என்ற உரிமையும் சேர்ந்ததே இந்தப் பதவி. தலைமைப் பயிற்சியாளருக்கு இன்றைய வெற்றி தேவை. ஆட்டக்காரர் இடம் பறிபோகும் அச்சத்தில் வலியை மறைப்பார். அடுத்த மாதத்துக்காகப் பேசுபவர் மருத்துவரும் இவருமே. எக்ஸ்ட்ராண்ட் குழுவினர் 2019-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தலைமைப் பயிற்சியாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் இடையே பேச்சு சரியாக இல்லாத அணிகளில் காயங்களின் சுமை கூடுதலாக இருப்பதைக் காட்டியது.

எல்லா உடற்பயிற்சியாளரும் இதற்குத் தகுதியானவர் என்று நான் சொல்ல வரவில்லை. கால்பந்தின் ஓட்டத்தை அறியாதவர், நடுக்கள ஆட்டக்காரரை நெடுந்தூரம் ஓடவிட்டே அவருடைய வேகத்தை மழுக்கிவிட முடியும். வேகத்துக்குப் பயந்து பயிற்சியில் முழு ஓட்டத்தையே தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் பழகிய கால், போட்டியில்தான் முதன்முதலாக முழு வேகத்தைச் சந்திக்கிறது.

உலகக் கோப்பை நடக்கும் மாதங்களில் வியாசர்பாடித் தெருக்களில் மஞ்சள் கொடி பறப்பதைப் பார்க்கும்போதெல்லாம் 1970-ஆம் ஆண்டின் பிரேசில் அணியை நினைத்துக்கொள்வேன். பெலேயின் அணி என்றால் எல்லோருக்கும் கலைதான் நினைவுக்கு வரும். அந்த அணியின் உடற்தகுதிக் குழுவில் கார்லோஸ் ஆல்பெர்டோ பரெய்ராவும் ராணுவ அதிகாரியான கிளாடியோ கூட்டினியோவும் இருந்தார்கள். பன்னிரண்டு நிமிட ஓட்டத்தைக் கொண்டு திறனை அளக்கும் கூப்பர் சோதனையை அணிக்குள் கொண்டுவந்தவர் கூட்டினியோ. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் மெக்சிகோ நகரில், இறுதிப் போட்டியின் இடைவேளையில் இத்தாலியோடு 1-1 என்று நின்ற அணி, மூச்சு வாங்க வேண்டிய கடைசி இருபத்தைந்து நிமிடங்களில் மூன்று கோல் போட்டது. அந்தப் பரெய்ராதான் பின்னர் 1994-இல் தலைமைப் பயிற்சியாளராக பிரேசிலுக்குக் கோப்பையை வாங்கித் தந்தார்.

மெக்சிகோவுக்கு உயரம் என்றால் சென்னைக்குப் புழுக்கம். இங்கே வியர்வை வழிகிறது, ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. இந்த ஊரின் காற்றுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, இரண்டு விழுக்காட்டுக்கு மேல் குறைந்தவரைத் தனியே கவனிக்க வேண்டும். நேரு விளையாட்டரங்கத்தில் வந்து ஆடும் வெளியூர் அணிகள் எழுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நம்மவர்கள் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் இந்தத் துறையில் சென்னை பின்தங்கிய ஊரில்லை. நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கியது. மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் ட்ரெய்னர் ராம்ஜி ஸ்ரீனிவாசன் இந்த ஊர்க்காரர். விராட் கோலியின் உடலை மாற்றியமைத்த சங்கர் பாசுவும் இந்த ஊர்க்காரர். கிரிக்கெட் ரசிகர்கள் அவர்கள் பெயரைச் சொல்வார்கள். இந்தியக் கால்பந்திலோ இந்தப் பொறுப்பு பெரும்பாலும் வெளிநாட்டுத் தலைமைப் பயிற்சியாளரோடு வந்து அவரோடே விமானம் ஏறிவிடுகிறது. போகும்போது ஒவ்வோர் ஆட்டக்காரரின் பழைய காயம், அவர் தாங்கும் அளவு, அவர் உடல் காட்டும் எச்சரிக்கை ஆகியவற்றைப் பற்றிய அறிவும் சேர்ந்தே போய்விடுகிறது. அந்தக் குறிப்பேடு அணியின் சொத்தாக இருக்க வேண்டும். அதை எழுதுபவர் இந்த ஊரில் வேரூன்றியவராக, தலைமை மாறினாலும் மாறாதவராக இருக்க வேண்டும். விலை உயர்ந்த கருவிகளை வாங்குவதற்கு முன் அணிகள் செய்ய வேண்டிய செலவு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

என் அக்காள் மகன் இப்போது பத்தொன்பது வயதில் உள்ளூர் லீக்கில் ஆடுகிறான். அவன் அணியில் இப்படி ஒருவர் கிடையாது. செவ்வாயும் வெள்ளியும் காலையில் மொட்டைமாடியில் பாய் விரித்து அவன் முழங்காலிடுகிறான். நான் கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறேன். முதல் மாதம் பாதியிலேயே கை ஊன்றி விழுந்தவன், இப்போது மார்பு தரையைத் தொடும் வரை தாங்குகிறான். சென்ற மாதம் ஓர் ஆட்டத்துக்கு முந்தைய நாள், "மாமா, பின்னாடி கொஞ்சம் இழுக்குது" என்றான். பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கேட்டுக்கொண்டு இவனை உட்கார வைத்தார். அன்று அணி தோற்றது. இவன் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. அடுத்த வாரம் தொண்ணூறு நிமிடமும் ஆடினான்.