அஞ்சு வருஷம் தொடாதவர் இனி அளவாகக் குடிக்கலாமா?

"இத்தனை வருஷம் தொடாமல் இருந்துட்டேன். இனி ரெண்டு பெக்கோட நிறுத்திக்க முடியாதா?" குடியை விட்டவர்கள் உடம்பு தேறியதும் கேட்கிற கேள்வி இது. இதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. குடிக்காமல் இருப்பது வேறு, குடிக்கத் தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்துவது வேறு. அஞ்சு வருஷம் காட்டியது முதலாவதை மட்டும்தான். இரண்டாவது அந்த அஞ்சு வருஷத்தில் ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. அதற்கான சான்றை, குடித்த காலத்தில் உடம்பு எப்படி இருந்தது என்பதில்தான் தேட வேண்டும்.

"யாராலும் முடியாது" என்று அடித்துச் சொல்வதும் சரியில்லை. 1962-ல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டி.எல். டேவிஸ், தாம் கவனித்துவந்த 93 பேரில் 7 பேர் பல ஆண்டுகளாகச் சாதாரணமாகக் குடித்துவருவதாக எழுதினார். பெரிய சர்ச்சை வெடித்தது. 1985-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் கிரிஃபித் எட்வர்ட்ஸ் அந்த 7 பேரின் கதையை மீண்டும் தோண்டினார். 5 பேருக்குக் குடியால் கடுமையான சிக்கல்கள் வந்திருந்தன; டேவிஸ் "சாதாரணம்" என்று கணக்கிட்ட காலத்திலேயே வந்திருந்தன. மீதி 2 பேர் உண்மையிலேயே தொல்லையின்றிக் குடித்தார்கள். அவர்களில் ஒருவர் எப்போதுமே தீவிரமாக அடிமையாக இருந்ததில்லை.

அளவாகக் குடிக்கலாம் என்பவர்கள் காட்டும் இன்னொரு சான்று, 2001-02-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு. முன்பு அடிமையாக இருந்தவர்களில் சுமார் 18 சதவீதம் பேர் அளவாகக் குடித்தும், அதே அளவு பேர் முற்றிலும் விட்டும் அறிகுறியின்றி இருந்தார்கள். இதோடு நிறுத்திவிடுவார்கள். மூன்று வருஷம் கழித்து அதே ஆட்களைப் பார்த்தபோது, முற்றிலும் விட்டவர்களில் 7 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் திரும்பியிருந்தன; அளவாகக் குடித்தவர்களில் 27 சதவீதம். இன்னொன்று: அந்த 2001-02 கணக்கில் வந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் எப்போதாவது உதவி தேடிப் போனவர். சிகிச்சை மையம்வரை போகும் நிலைக்கு வந்தவருக்கு அந்த 18 சதவீதம் அப்படியே பொருந்தாது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது தீவிரத்தை. காலையில் கை நடுங்கியதா? நடுக்கம் அடங்கக் குடித்ததுண்டா? நிறுத்தியதும் வலிப்பு வந்ததா, இல்லாதது இருப்பதுபோலக் கண்ணில் தெரிந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அளவுக்குடி அவருக்கில்லை என்பது என் முடிவு. மருத்துவர்கள் பயன்படுத்தும் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, மொத்தம் 60 மதிப்பெண். 30-ஐத் தாண்டினால் தீவிரம். அதை இன்றைய நிலையை வைத்து நிரப்பக் கூடாது, அதிகமாகக் குடித்துவந்த ஒரு மாதத்தை நினைத்து நிரப்ப வேண்டும். கல்லீரல் சுருக்கம், கணைய அழற்சி, வலிப்பு நோய், கர்ப்பம் இருந்தால் படிவமே தேவையில்லை, குடிக்கவே கூடாது. டைசல்ஃபிரம் (மது பட்டால் உடம்புக்கு முடியாமல் செய்து குடியைத் தடுக்கும் மருந்து) மாத்திரை சாப்பிட்டவர், கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை ஒரு வாய் மதுவைக்கூட நெருங்கக் கூடாது.

தீவிரமாக அடிமையானவருக்கு ஏன் முடிவதில்லை? முதல்முறை பழக்கம் முற்றப் பல வருஷம் ஆகியிருக்கும். இடையில் எத்தனை வருஷம் விட்டிருந்தாலும், மறுபடி தொட்டால் அந்தப் பழைய நிலை சில நாட்களிலேயே திரும்பிவிடுகிறது. அதே எட்வர்ட்ஸும், மில்டன் கிராஸ் என்ற ஆய்வாளரும் 1976-ல் குடி அடிமைத்தனத்தை வரையறுத்தபோது இதையே அதன் அடையாளங்களில் ஒன்றாக வைத்தார்கள். ஆனால் முதல் தடவை பெரும்பாலும் நன்றாகவே போகும். ரெண்டு பெக், வீடு, தூக்கம். அதுதான் ஆபத்து; "பார்த்தீங்களா, முடியுது" என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிடும். பிறகு ரெண்டு மூன்றாகும், சனிக்கிழமையோடு புதன்கிழமையும் சேரும். மூன்றாவது பெக் வேண்டுமா என்று முடிவெடுப்பது இரண்டு பெக் உள்ளே போன மூளை என்பதையும் மறந்துவிடக் கூடாது. சுத்தமாக வேண்டாம் என்றால் ஒரே முடிவு. அளவாக என்றால் கிளாஸுக்கு ஒரு முடிவு.

நடுக்கமெல்லாம் வந்ததில்லை, லேசான பழக்கம்தான் என்பவர் முயன்றே தீருவேன் என்றால், முதலில் 30 நாள் ஒரு சொட்டும் கூடாது. அதையே தாண்ட முடியாவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு கிராமில் கணக்கு: மில்லி லிட்டரை மது சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.79-ஆல் பெருக்குங்கள். 40 சதவீதச் சரக்கு 60 மில்லியில் 19 கிராம். 5 சதவீத பீர் 500 மில்லியில் கிட்டத்தட்ட 20 கிராம், 8 சதவீத பீர் என்றால் 32-ஐ நெருங்கும். "பீர்தானே" என்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பிரிட்டன் 2016-ல் பொதுமக்களுக்குச் சொன்ன உச்சவரம்பு வாரத்துக்கு 112 கிராம். வாரம் முழுவதற்கும் ஆறு 60 மில்லிகூட வராது, அதையும் மூன்று நாளுக்காவது பிரித்துக் குடிக்க வேண்டும். "இதுக்கு எதுக்குக் குடிக்கணும்" என்று உடனே தோன்றினால், அவர் தேடுவது ருசியை அல்ல, போதையை. அளவு அவருக்கு நிற்காது.

எத்தனை என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே எழுதிவையுங்கள். அளவுகுப்பி இல்லாமல் ஊற்றாதீர்கள். கோபத்துக்கும் தூக்கத்துக்கும் குடிக்காதீர்கள். எழுதிய அளவு மாதத்தில் இரண்டு முறை தாண்டினால் முயற்சியைக் கைவிடுவதாக வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கணக்கு அவர் கையில் இருக்கட்டும். நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து குடிக்கும் வேட்கையைச் சிலருக்குக் குறைக்கும். ஆனால் ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆகாது, கல்லீரலையும் பார்த்துவிட்டு மருத்துவர்தான் தர வேண்டும்.

ஏற்கெனவே சறுக்கிவிட்டவருக்கு: பழைய அளவைத் தொடாதீர்கள், தாங்கும் சக்தி குறைந்திருக்கும், அதே அளவு இப்போது உயிருக்கே ஆபத்தாகலாம். "எல்லாம் போச்சு" என்று பாட்டிலை முடிப்பதுதான் ஒரு நாள் சறுக்கலை ஒரு மாதக் குடியாக்குகிறது. மிச்சத்தைக் கொட்டிவிட்டு அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். பல நாள் தொடர்ந்து குடித்து, நிறுத்தினால் நடுங்குகிறது என்றால் தனியாக நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 96 மணிக்குள் பிதற்றலும் குழப்பமும் வரலாம். மருத்துவமனைக்குப் போனதும் எத்தனை நாள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். தையமின் (பி1 வைட்டமின்) ஊசியும் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரையின் அளவும் அதை வைத்துத்தான் முடிவாகும்.