முதலில் கிழமையைக் கேட்பேன்

கல்யாண மேக்கப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் போனை நீட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். "இந்த மாதிரி வேணும்க்கா" என்று பெண் ஒரு படத்தைக் காட்டுவாள். படத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நான் மூன்று விஷயம் கேட்பேன். கல்யாணம் என்ன கிழமை, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, உங்கள் வீட்டு முறை என்ன. பெண்ணுக்கு இது எதற்கென்று புரியாது. கூட வந்திருக்கும் அத்தையோ பெரியம்மாவோ நிமிர்ந்து உட்கார்வார்கள். அதற்குப் பிறகு பேச்சு எனக்கும் அவர்களுக்கும்தான்.

தருமபுரியில் பார்லர் வைத்திருக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் மண்டபங்களுக்குப் போகிறேன். முகத்துக்கு என்ன பூசுவது என்று சொல்லிக்கொடுக்க இன்று எத்தனையோ வீடியோ இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று நம் ஊர் மணமேடையை வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. மஞ்சள் எங்கே படும், தண்ணீர் எங்கே விழும், யார் கை பெண்ணின் எந்த இடத்தைத் தொடும் என்று தெரிந்தால் வரிசை தானாக வந்து நிற்கும். அலங்கார வரிசையைச் சடங்குதான் போடுகிறது என்பதை இந்தத் தொழில் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

கிழமைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30க்குத்தான். எமகண்டமும் மதியம் 12 மணிக்கு மேல். காலை முழுக்க இரண்டின் தொல்லையும் இல்லை, லக்னத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். திங்கட்கிழமை அப்படி இல்லை. 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்றால், 7.30 அடித்ததும் ராகு காலம். புதன்கிழமை அதே 7.30க்கு எமகண்டம். வெள்ளிக்கிழமை 9 முதல் 10.30 முகூர்த்தத்துக்கும் இதே கதை, 10.30க்கு ராகு காலம் வந்து நிற்கும். இந்த நாட்களில் ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மந்திரம் சொல்வார். "பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்ற குரல் வந்தால் அடுத்த நிமிடம் பெண் அறை வாசலில் இருக்க வேண்டும். வியாழக்கிழமை 6 முதல் 7.30 வரை எமகண்டம் என்பதால் முகூர்த்தத்தைப் பெரும்பாலும் அதற்கு மேல்தான் வைப்பார்கள். அன்றைக்குப் பெண் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம்.

திங்கட்கிழமை 6 - 7.30 முகூர்த்தத்தையே எடுத்துக்கொள்வோம். தாலி கட்டுவது ஏறக்குறைய 7 மணி. அதற்கு முன்னால் கூரைப் புடவை கொடுத்து, பெண் உள்ளே வந்து மாற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் முன்னால் முதல் புடவையில் மேடைக்கு வந்து பூஜையில் உட்கார வேண்டும். ஆக 5.30க்கு என் வேலை முடிந்திருக்க வேண்டும். நாற்காலியில் அவள் உட்காருவது 3 மணிக்கு. குளியல் 2.30க்கு. இப்படிப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால்தான் முதல் நாள் ராத்திரி வரவேற்பு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதும் தெரியும். மேடையை விட்டு 11 மணிக்கு இறங்கினால், ஸ்பிரே அடித்த தலையிலிருந்து ஊசிகளை உருவி, முகத்தைத் துடைத்துப் படுக்க 12 ஆகிவிடும். பிறகு எங்கே தூங்குவது? தூங்காத கண்ணுக்குக் கீழே எந்த கன்சீலரும் அழகாக உட்காராது. அதனால் வரவேற்பு நேரத்தைப் பற்றிப் பெண்ணின் அப்பாவிடம் நானே பேசிவிடுவேன். மேக்கப் போடுகிறவளுக்கு எதற்கு இது என்று யாரும் கேட்டதில்லை. காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

குளியலுக்கு முன்னால் நலங்கு. சில வீடுகளில் முந்தின நாளே முடித்துவிடுவார்கள், சில வீடுகளில் அதிகாலையிலும் வைப்பார்கள். பெரியவர்கள் ஆசையாகக் கன்னத்தில் பூசும் மஞ்சளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, சொல்லவும் கூடாது. எந்த மஞ்சள் என்பதை மட்டும் கேட்டுக்கொள்வேன். குழம்புக்குப் போடும் மஞ்சள் தோலில் ஏறி நிற்கும். அதன்மேல் ஃபவுண்டேஷன் போட்டால் அவள் நிறத்துக்கென்று பார்த்து எடுத்து வைத்த ஷேடு பொருந்தாது, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறம் என்று போட்டோவில் நிற்கும். கஸ்தூரி மஞ்சள் அவ்வளவாகக் கறை பிடிக்காது. அதை வாங்கி வைக்கச் சொல்லிவிடுவேன். அதையும் மீறி மஞ்சள் நின்றால், பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் ஃபேஸ்வாஷ். அதற்கு 10 நிமிடம் என் கணக்கில் எப்போதும் தனியாக இருக்கும்.

தலைக்குளியலை முந்தின நாள் மதியமே முடித்துவிடச் சொல்வது எங்கள் பக்கத்துக்கு ரொம்ப அவசியம். போர் தண்ணீர் இங்கே பல இடங்களில் உப்பு. ஷாம்பு நுரைக்காது, முடி காய்ந்தபின் நார் நாராக நிற்கும், சீப்பு இறங்காது. கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு கேன் நல்ல தண்ணீர் எடுத்து வைத்தால் போதும், முடி சொன்ன பேச்சைக் கேட்கும். காலையில் தலையில் தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்கிற வீடுகளில், பெரியவர்களிடம் கேட்டு உச்சியில் கொஞ்சம் தெளித்துக்கொள்ளச் செய்வோம். ஈர முடியோடு பின்னிய ஜடை மேடையில் ஒரு மணி நேரத்தில் தளர்ந்து தொங்கும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நடப்பது மளமளவென்று போகும். உள்பாவாடையும் ரவிக்கையும் முதலிலேயே போட்டு, மேலே முன்பக்கம் திறக்கும் ஒரு சட்டை. கண்ணை முதலில் முடிப்பேன், ஐ ஷேடோ கன்னத்தில் உதிர்ந்தாலும் துடைத்துவிடலாம். பிறகு முகம், பிறகு தலை. கொலுசு புடவைக்கு முன்னால், ஒட்டியாணம் புடவைக்குப் பின்னால். தை மாதத்தில் ஓசூர்ப் பக்கம் விடியற்காலைக் குளிருக்குத் தோல் வறண்டு கிடக்கும், மாய்ஸ்சரைசர் ஊறக் கூடுதல் நேரம் விட வேண்டும். வைகாசியில் தருமபுரி மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார வைத்தும் வியர்க்கும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் யோசிப்பது கூரைப் புடவை மாற்றும் அந்தக் கால் மணி நேரத்தைத்தான். மேடையில் தட்டில் வைத்துப் புடவையைக் கொடுப்பார்கள். பெண் எழுந்து அறைக்கு வருவாள். அவளோடு நாத்தனார், சித்தி, தோழிகள், வீடியோக்காரரின் லைட்டைப் பிடித்த பையன் வரைக்கும் உள்ளே வரப் பார்ப்பார்கள். என்னோடு வரும் பெண்ணின் முதல் வேலை கதவு. உள்ளே நான், அவள், மணப்பெண், வீட்டார் ஒருவர். அவ்வளவுதான்.

இந்தக் கால் மணி நேரத்தைச் சேமிக்கும் வேலை பத்து நாள் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. கூரைப் புடவை பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டில் எடுப்பது. ரவிக்கைத் துணியைத் தனியாக வாங்கித் தைத்துவிடலாம், புடவை நம் கைக்கு வராது. அதற்கு ஃபால்ஸ் தைக்கலாமா, முன்கூட்டியே கொசுவம் மடித்து அயர்ன் பண்ணி வைக்கலாமா என்று அவர்கள் வீட்டில் கேட்டே ஆக வேண்டும். சில வீடுகளில் "தாராளமா பண்ணுங்க" என்பார்கள். சில வீடுகளில் மூலையில் மஞ்சள் தடவி, மடிப்புக் கலையாமல் பூஜையில் வைத்துத்தான் கொடுப்பார்கள், ஊசி நூல் படக் கூடாது. அங்கே கொசுவத்தை அந்த நிமிடத்தில்தான் எடுக்க வேண்டும். அதனால் முதல் புடவையின் நிறத்தைக் கூரைப் புடவையின் ரவிக்கைக்குப் பொருந்துவதாக எடுக்கச் சொல்வேன். ரவிக்கை மாற்றும் வேலை போயிற்று. வங்கி, வளையல், காது, தலை எல்லாம் அப்படியே இருக்கும். முதல் புடவைக்கு இரண்டு மூன்று பின்னுக்கு மேல் குத்துவதில்லை. ஒட்டியாணமும் நீள ஆரமும் கூரைப் புடவைக்குத்தான். சம்மணமிட்டு உட்கார வேண்டும் என்பதால் கொசுவத்தைக் கொஞ்சம் அகலமாக எடுத்து, உட்கார வைத்துப் பார்த்த பிறகே இடுப்பில் பின் குத்துவேன்.

தலையையும் மேடையை நினைத்துத்தான் முடிக்க வேண்டும். தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடும்போது ஜடையைத் தூக்கிப் பிடிப்பார்கள். பூவைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டால் அவர்கள் கை போக இடம் இருக்காது. பிடரியில் நான்கு விரல் இடம் விட்டு, ஆரத்தின் பின்கயிறுகளைக் கீழே இறக்கிக் கட்டிவிடுவேன். தாய்மாமன் பட்டம் கட்டும் வீடு என்றால் நெற்றியில் அதற்கு இடம் வேண்டும், நெத்திச்சுட்டியைச் சின்னதாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய. முறை என்ன என்று கேட்பது அதற்காகவும்தான். தெலுங்கு வீட்டு முகூர்த்தத்தில் சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுதை, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் உச்சந்தலையில் ஒருவர் வைப்பார்கள். ஜீலகர்ர பெல்லம் என்று அதற்குப் பெயர். அந்த இடத்தில் முடியை உப்பலாகத் தூக்கி, கல் வைத்த நகையைக் குத்தி வைத்தால் விழுது அதில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். உச்சியைத் தட்டையாக வாரி, நகையை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளுவேன். நெற்றியில் பாசிகம் என்கிற கல்யாணப் பட்டையைக் கட்டுவார்கள், அதன் நூல் காதுக்கு மேலாகப் பின்னால் போகும். மாட்டல் அதில் சிக்காமல் இருக்க வேண்டும். பிறகு தலம்பிராலு, மஞ்சள் கலந்த அரிசியை இரண்டு பேரும் போட்டி போட்டுத் தலையில் கொட்டிக்கொள்வார்கள். கண் மேக்கப் தண்ணீருக்குத் தாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் தூளுக்கும் தாங்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் பெங்களூரு ஸ்டைல் என்று ஒன்றைப் போட்டு அனுப்பினால், சடங்கு நடக்கும்போது பெண் தலையைக் காப்பாற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் கல்யாணத்தில் அவள் சிரிக்க வேண்டாமா?

பூ தலையின் கடைசி வேலை. குண்டு மல்லி மொட்டாக முந்தின நாள் சாயங்காலம் வரும். ஈரத் துணியில் சுற்றி வாழை இலையில் வைத்தால் விடியும்போது பதமாக விரிந்திருக்கும். தை முகூர்த்தங்களில் பனிக்கு மல்லி வரத்துக் குறைந்து விலை எங்கேயோ போய்விடும். அப்போது கனகாம்பரத்தையும் ரோஜாவையும் கூடச் சேர்த்துக் கட்டிச் சமாளிக்கலாம், பெண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது.

உதட்டைத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுவேன். தாலி ஏறும்வரை சாப்பிடக் கூடாது என்கிற வீட்டிலும் பால், இளநீர், வாழைப்பழம் கொடுக்கலாமா என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் சரி என்பார்கள். 3 மணியிலிருந்து வெறும் வயிற்றோடு ஹோமப் புகையில் உட்கார்ந்தால் யாருக்கும் தலை சுற்றும். குடித்து முடித்து, புடவைக்கு முன்னால் பாத்ரூம் போய் வந்து, மாதவிலக்கு நாளாக இருந்தால் அதற்கு வேண்டியதையும் பார்த்துக்கொண்ட பிறகே புடவை. அதற்கும் பிறகு லிப்ஸ்டிக்.

அந்த நிறத்திலும் எங்கள் மாவட்டங்களுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் முளைக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை நின்றுவிடுகிறது, தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல்தான் வந்தது. இன்றைக்குக் கல்யாணத்துக்கு உட்காரும் பெண்களில் பலர் அதற்கு முன்பே பல் முளைத்தவர்கள். போட்டோ என்றதும் கை தானாக வாய்க்குப் போகும். ஆரஞ்சும் பிரவுனும் கறையை எடுத்துக் காட்டும். நீலம் கலந்த சிவப்பு, பீட்ரூட் நிறம் பக்கம் போனால் பல் வெளுப்பாகத் தெரியும். ஒரு பெண்ணுக்கு இரண்டையும் பாதிப் பாதி உதட்டில் தடவிக் கண்ணாடியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இதையே போடுங்க" என்று வாய் விட்டுச் சிரித்தாள். ட்ரையலிலேயே இதை முடித்துவிட வேண்டும், கல்யாணக் காலையில் யோசிக்க நேரம் கிடையாது.

தாலி ஏறிய பின்னால் மாப்பிள்ளை வகிட்டில் குங்குமம் வைப்பார். நெத்திச்சுட்டியை ஒரே ஊசியில் நிறுத்தி வைத்தால் அதை ஒதுக்கி வைக்கச் சுலபம். மூக்கின் மேல் உதிர்கிற குங்குமத்தை நான் ஓடிப் போய்த் துடைப்பதில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு. அம்மி மிதித்து மெட்டி போட்டு முடித்து, சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் முன்னால் அறைக்குக் கூப்பிட்டுத் தலையை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். எங்கே குத்துகிறதோ அந்த ஊசியை மட்டும் தளர்த்திவிடுவேன். மண்டையில் எத்தனை ஊசி, எந்தப் பக்கத்திலிருந்து உருவ வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி அவள் தங்கையிடம் கொடுத்துவிடுவது வழக்கம். மாப்பிள்ளை வீட்டில் ராத்திரி அந்த ஜடையைப் பிரிக்க நான் இருக்க மாட்டேன் அல்லவா?