வலக்கைப் பக்கம் ஒடி

வாப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. போனில் சொன்னால் உம்மா காதுக்குப் போய்விடும். அப்புறம் நான் ஜெர்மனி போய்ச் சேருகிறவரை அவளுக்குத் தூக்கம் இராது. இந்த லீவில், கீழக்கரைக் கடற்கரையில் மஃரிப் தொழுகை முடிந்து நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தபோதுதான் வாய் வந்தது.

போன லீவு முடிந்து திரும்புகையில் நடந்தது அது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் இறங்கப் போகிறோம், பெல்ட் போட்டாயிற்று. மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கியது. இஞ்சின் இரைந்தது, முதுகு சீட்டோடு அழுந்தியது. காலடியில் இருந்த பையை இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டேன். உம்மா கட்டித் தந்த தொதல் அதில் இருந்தது. சுற்றிலும் ஒருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் விமானம் சமமானது. பைலட் முதலில் ஜெர்மனில் பேசினார். என் ஜெர்மன் அப்போது அரைகுறை, ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: பக்கத்தில் இன்னொரு விமானம், கருவி ஏறச் சொன்னது, ஏறினோம்.

அந்தக் கருவியை டீகாஸ் என்கிறார்கள். அக்கம்பக்கத்து விமானங்களின் டிரான்ஸ்பாண்டரை, அதாவது கேட்டால் பதில் சொல்லும் ரேடியோ கருவியை, கேட்டுக் கேட்டு, எது எவ்வளவு உயரத்தில் எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். முதலில் ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று எச்சரிக்கும். மோத ஏறக்குறைய அரை நிமிஷம் இருக்கையில் ‘ஏறு’ என்றோ ‘இறங்கு’ என்றோ சொல்லும். இரண்டு விமானங்களிலும் கருவி இருந்தால் அவை தமக்குள் பேசிக்கொண்டு, ஒன்றை ஏறவும் மற்றதை இறங்கவும் சொல்லும்.

வாப்பா கடலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். “ராத்திரி கடல்ல எதிர்ல சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்து தெரிஞ்சா, படகு நேரா நம்ம மேல வருதுன்னு அர்த்தம். வலக்கைப் பக்கம் ஒடிக்கணும். அவனும் அவன் வலக்கைப் பக்கம் ஒடிப்பான். யோசிச்சா போச்சு, தம்பி.”

எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து மூன்று வருஷம். போடன் ஏரிக்கரையில், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் வீடு. வந்த புதிதில் அந்தத் தண்ணீர்தான் ஆறுதல். உப்பு வாசம் இல்லாத கடல் மாதிரி. நடுராத்திரி, வண்டியே வராத ரோட்டில் சிவப்பு விளக்குக்காக ஜனங்கள் நிற்பதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். அந்தப் பயணத்துக்குப் பிறகு நானும் நிற்கிறேன்.

அதே கரையில்தான் ஊபர்லிங்கன். 2002 ஜூலை 1 இரவு அந்த ஊருக்கு மேலே, ரஷ்யப் பிள்ளைகளை பார்சிலோனாவுக்கு விடுமுறைக்குக் கூட்டிப்போன டுபோலெவ் விமானமும் ஒரு போயிங் சரக்கு விமானமும் மோதின. 71 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. டுபோலெவைக் கருவி ஏறச் சொன்னது. ஜூரிச் கட்டுப்பாட்டு அறையில் தனியாக இருந்தவர் இறங்கச் சொன்னார். பைலட்டுகள் மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார்கள். போயிங்கோ கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. கருவி ஒன்றும் தரையிலிருக்கும் கட்டுப்பாட்டாளர் வேறொன்றும் சொன்னால் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்பதை உலகம் முழுக்கத் திட்டவட்டமாக்கியது இதற்குப் பிறகுதான். என்னைச் சுமந்துவந்த பைலட் யோசிக்காமல் மூக்கைத் தூக்கியதற்கு அந்தப் பிள்ளைகளும் காரணம் என்று நம்புகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். வயலோரத்தில் நினைவுச்சின்னம்: அறுந்துபோன முத்துமாலை. பெரிய பெரிய எஃகு உருண்டைகள், கம்பி அறுந்து புல்லில் சிதறிக் கிடக்கின்றன. வெகுநேரம் நின்றேன்.

போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். வாப்பாவின் வாப்பா இந்தக் கடலில் முத்துக்குளித்தவர். வாப்பா போனைக் கையில் வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கி, உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“புள்ளைங்க எல்லாமா?”

“முக்கால்வாசி புள்ளைங்கதான் வாப்பா.”

இன்னாலில்லாஹி சொன்னார். இருட்டிவிட்டது. எழுந்து கைலியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, “உம்மாகிட்ட நீ சொல்லாத. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்” என்றார்.