உங்கள் கறை, என் கறை

அன்றைக்கு நான் சொன்ன பதிலில் தவறு இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

பழைய கட்டடம் போலத் தோன்றும்படி நாங்கள் வடிவமைத்த தீம் பார்க் ஓட்டல் அது. அதைப் பராமரிப்புத் துறையிடம் ஒப்படைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சுவராகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சன்னலுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் நீர் வடிந்த தடம். அதற்கு மேலே, கைப்பிடிச்சுவரின் அடியில், கறுத்துப்போன பாசிப் படலம். இரண்டும் எங்கள் பெயின்டர்களின் கைவேலை. ஈரம் காய்ந்து முடிக்காத புதுச் சுவரில் நூறாண்டு மழையை வரைந்து வைத்திருந்தார்கள். பராமரிப்பு மேற்பார்வையாளர் அண்ணாந்து பார்த்தார். கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சார், நாளைக்கு நிஜமாகவே ஒழுகினால் இதில் உங்கள் கறை எது, என் கறை எது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மழைக்குப் பிறகு உங்களுடையது பெரிதாகும்" என்றேன்.

சரியான பதில்தான். வரைந்த கறை வளராது, ஒழுகும் கறை வளரும். அவர் "சரிங்க சார்" என்று பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டார். நான் அடுத்த சுவருக்கு நகர்ந்துவிட்டேன். இப்போது நினைத்தால், பதிலைவிட அந்த நகர்தல்தான் உறுத்துகிறது.

சுற்றி முடித்ததும் அவர் ஒரு கோரிக்கை வைத்தார். கைப்பிடிச்சுவரின் அடி, சன்னல் விளிம்பின் அடி, மழைநீர்க் குழாயின் மூட்டுகள் ஆகிய இடங்களில் மட்டும் கறை வேண்டாம், மற்ற சுவரெல்லாம் உங்கள் இஷ்டம் என்றார். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது! ஆனால் பழைய கட்டடத்தில் தண்ணீர் தடம் விடுவதே அந்த இடங்களில்தான். மேலே விளிம்போ குழாயோ இல்லாத நட்டநடுச் சுவரில் கறையை வரைந்தால், கட்டடக்கலையின் அரிச்சுவடி தெரியாதவர்களுக்கும் எங்கோ இடிக்கும். காரணம் சொல்லத் தெரியாது, பொய் என்று மட்டும் தெரிந்துவிடும்.

எங்கள் மூத்த பெயின்டர் மாதிரிச் சுவருக்கு முன்னால் நின்றதும் கேட்ட முதல் கேள்வி, "மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும்?" என்பது. அவர் தூரிகையால் கறையை இழுத்ததில்லை. சுவரை நனைத்துவிட்டு, மேல் விளிம்பில் நீர்த்த சாயத்தைத் தெளித்து, அதன் போக்கில் வழியவிடுவார். பூச்சின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒதுங்கி, பள்ளத்தில் கொஞ்சம் தேங்கி, அது இறங்கும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஸ்பாஞ்சை வைத்து ஒற்றி எடுப்பார். இரும்புக் கொக்கிக்குக் கீழே துரு, நிழல் விழும் பக்கம் பச்சை, வெயில் படும் பக்கம் வெளிறல். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். அந்த மனிதரிடம் போய், "காரணம் உள்ள இடத்தில் வரையாதீர்கள், காரணம் இல்லாத இடத்தில் வரையுங்கள்" என்று நான் எப்படிச் சொல்வது? மறுத்துவிட்டேன். கூட்டத்தில் என் பக்கமே முடிவானது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தச் சுவரில் தெரியும் கருங்கல் கல்லே அல்ல. கண்ணாடியிழை சேர்த்து வார்த்த சிமென்ட் பலகைகள். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஆகவே இடைவெளி விட்டே தீரவேண்டும். அதை மேலிருந்து கீழே ஒரே நேர்கோடாக விட்டால் ஆயிரம் பேர் கண்ணிலும் படும். குழாய்க்குப் பின்னால் ஒளிப்போம், தூணின் மடிப்பில் ஒளிப்போம், முடியாத இடத்தில் கல்லடுக்கின் கோட்டோடு படிப்படியாக இறக்கி ஒரு பழைய வெடிப்பைப் போலக் காட்டுவோம். ஆக, அவர் பட்டியலில் சில வெடிப்புகள் வெறும் சாயம், சில வெடிப்புகளுக்குள் தண்ணீரைத் தடுக்கும் அடைப்புப் பசை. பசை வறண்டு சுருங்கினால் அதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். எது எது என்று வரைபடத்தில் குறித்துத்தான் கொடுத்திருந்தோம். மழையில் ஏணி மேல் நிற்கிறவர் வரைபடத்தை விரித்துப் பார்ப்பாரா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தீம் பார்க் பூங்காவுக்குள் இருக்கும் கட்டடம் என்றால் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. இரவு பூங்கா மூடியதும் பெயின்டர்கள் வருவார்கள், விடிவதற்குள் முடித்துவிட்டுப் போவார்கள். ஓட்டல் மூடுவதில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கிறது. சாரம் கட்டினால் அந்த வரிசை அறைகளை விற்க முடியாது. பூங்காவில் முகப்பைத் தெருவிலிருந்து மட்டும் பார்க்கிறார்கள். ஓட்டலிலோ பால்கனியில் நின்று கையாலேயே தொட்டுப் பார்க்கிறார்கள். கீழிருந்து பாசியாகத் தெரிவது கையெட்டும் தூரத்தில் பச்சைப் பெயின்ட்தான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் வாதாடினேன்.

முன்னோடிகளைப் பார்த்தால் புத்திசாலிகள் இந்தச் சண்டைக்கே போகவில்லை என்று தோன்றுகிறது. 1971இல் புளோரிடாவில் திறந்த டிஸ்னியின் கன்டெம்பரரி ஓட்டல் எந்தப் பழமையையும் நடிக்கவில்லை. சாய்ந்த இரண்டு பக்கங்கள் உச்சியை நோக்கி நெருங்கிவரும் கோபுரம், அதன் வயிற்றுக்குள்ளேயே நுழைந்து போகும் மோனோரயில். அங்கே அழுக்கு என்றால் அழுக்கு, துடைத்துவிட வேண்டியதுதான். மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்த ஸ்வான், டால்ஃபின் ஓட்டல்களிலும் அப்படித்தான். கூரை மேல் பெரிய அன்னங்களும் மீன்களும், சுவரில் வரைந்த அலைகள். எதுவும் தன்னை நிஜம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

1999இல் ஆர்லாண்டோவில் யுனிவர்சல் திறந்த போர்டோஃபினோ பே ஓட்டல் எதிர்த்திசையில் போனது. இத்தாலியத் துறைமுக ஊர் ஒன்றைத் தண்ணீர்க் கரையோடு எழுப்பி, தட்டைச் சுவர்களில் சன்னல்களையும் செதுக்கு வேலைகளையும் நிஜம் போலவே தீட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், இத்தாலியின் லிகூரியாக் கடற்கரையின் அசல் வீடுகளிலேயே இல்லாத சன்னலைத் தீட்டி வைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. கூட்டத்தில் இதைத்தான் என் துருப்புச்சீட்டாக இறக்கினேன். பொய் சொல்லும் சுவர் நாம் கண்டுபிடித்ததல்ல, மனிதர்கள் தங்கள் சொந்த வீட்டுக்கே செய்துகொண்டது என்றேன். நல்ல வாதம். ஆனால் வீட்டுக்காரருக்குத் தன் சுவரில் எது சன்னல், எது சாயம் என்று தெரிந்திருக்கும். இது எனக்குக் கூட்டம் முடிந்த பிறகுதான் தோன்றியது. மேற்பார்வையாளருக்கு அப்போதே தோன்றியிருக்கக்கூடும். அவர் சொல்லவில்லை.

வெளிச்சுவரையே கைவிட்டவர்களும் உண்டு. 2022இல் திறந்து 2023இல் மூடப்பட்ட, விண்கப்பல் போல அமைந்த டிஸ்னியின் ஸ்டார் வார்ஸ் ஓட்டலான கலாக்டிக் ஸ்டார்க்ரூசரில் நூறு அறைகள். சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் விண்வெளியைக் காட்டும் திரை. வெளியே வெறும் சாம்பல் நிறப் பெட்டி. கதை முழுவதும் உள்ளே. மழை எங்கே அடித்தாலும் கதைக்குச் சேதமில்லை. அது மூடப்பட்டதற்குச் சுவர் காரணமல்ல, ஆனாலும் பராமரிப்புக் கண்ணோடு பார்த்தால் அதைவிட நிம்மதியான ஓட்டல் இருக்க முடியாது.

இப்போது வரும் புதிய ரிசார்ட்டுகள் மொழுமொழுவென்று இருக்கின்றன, கதையே இல்லை, விமான நிலையத்து ஓட்டல் போல இருக்கின்றன என்று ரசிகர்கள் குறைபடுகிறார்கள். 2024 டிசம்பரில் டிஸ்னியின் பாலினேசியன் ரிசார்ட்டில் புதிய கோபுரம் திறந்தபோதும் இதே குறை எழுந்தது. தாழ்ந்த கூரை வீடுகளின் வரிசைக்குப் பக்கத்தில் அது எழுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கும் மனம் ஒப்பவில்லை. இளைய வடிவமைப்பாளர்களிடம் இத்தனை காலமும் நான் சொல்லிவந்த விளக்கம் ஒன்றுதான்: செலவுக்கணக்கில் கத்தரி வைக்கும்போது முதலில் விழுவது தீமிங், அதாவது கட்டடத்துக்கு ஒரு கதையைத் தரும் அலங்காரம். முதலாளிகளின் கஞ்சத்தனம். அந்தக் கேள்விக்குப் பிறகு இதை முன்பு போல அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. மொட்டைச் சுவரை விரும்புகிறவர்களில் ஏணியில் ஏறுகிறவரும் இருக்கிறார் என்பதை என் விளக்கம் கணக்கில் எடுத்ததே இல்லை. அதற்காக மொட்டைச் சுவர் அழகாகிவிடாது. அதையும் சொல்லிவைக்கிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திறந்த பிறகு வந்த மழைக்காலத்தில், அறை சுத்தம் செய்யும் பெண் ஒருவர் சன்னலுக்கு அருகே சுவர்க்காகிதம் உப்பியிருப்பதைப் பார்த்துச் சொன்னார். வெளியே போய்ப் பார்த்தால் சன்னலுக்கு அடியில் அழகான ஒரு பழுப்புத் தடம். எங்கள் வரைபடத்தில் அந்தச் சன்னலுக்குக் கறையே கிடையாது. கைப்பிடிச்சுவரில் நுழைந்த தண்ணீர் உள்ளுக்குள்ளேயே இறங்கி இரண்டு தளம் கீழே வெளியேறியிருந்தது. ஆட்கள் தினமும் அதைக் கடந்து போனவர்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னிடம் யாரும் குறை சொல்லவும் இல்லை. வெளிக்கறை தெரியும்போதே தண்ணீர் உள்ளே வந்துவிட்டிருக்கும், ஆகவே மொட்டைச் சுவராக இருந்தாலும் சுவர்க்காகிதம் தப்பியிருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பொறியியல்படி அது பெரும்பாலும் சரி. பெரும்பாலும் என்ற சொல்லை அப்போது சேர்க்கவில்லை.

ஒழுகலை அடைத்து, கறையைக் கழுவி, பூச்சைச் சரிசெய்தார்கள். அங்கேதான் அடுத்த தலைவலி. சுற்றிலும் கிழடு தட்டிய சுவரில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று நின்றது. ஓட்டல் மேலாளர் எங்களை அழைத்து, பழையபடி ஆக்கிக் கொடுங்கள் என்றார். எந்தப் பழையபடி? பராமரிப்புத் துறையின் கோப்பில் இருந்த ஒழுகலின் புகைப்படத்தைத்தான் பெயின்டர் பார்த்துப் பார்த்து வரைந்தார். எங்கள் கறைகளிலேயே ஆகச் சிறந்தது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். மேற்பார்வையாளர் கீழே நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வரைபடத்தை நீட்டினார். "இதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் சார். தேதியோடு."

போட்டேன். கிண்டலா, முறைப்படியான நடவடிக்கையா என்று அவர் முகத்திலிருந்து எதுவும் பிடிபடவில்லை.

இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையிலும் பழமை காட்ட வேண்டிய முகப்பு ஒன்று இருக்கிறது. கைப்பிடிச்சுவருக்கு அடியில் மட்டும் சுத்தமாக விட்டுவிடலாம் என்று நானே எழுதிக் கொடுத்தேன். சன்னல் விளிம்புகளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கணினியில் முகப்பைப் பார்த்த இளையவர், மேல் பக்கம் ஏன் குளித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டார். பராமரிப்பு வசதிக்கு என்றேன். அப்படியானால் சன்னல்கள் என்றார். அவற்றின் உயரம் குறைவு, ஏணி எட்டும் என்று ஏதோ சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. முகப்பு இன்னும் ஒப்புதலுக்குப் போகவில்லை, மாற்ற வேண்டும் என்றால் இந்த வாரத்துக்குள் மாற்றலாம்.