தாத்தா தேடிய மைதானம்

தென்னாப்பிரிக்காவின் பழைய சிறைத்தீவான ராபன் தீவில் மண்டேலாவின் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "பந்து விளையாடின இடம் எங்கேப்பா?" என்றார் தாத்தா. டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பழைய கோல்கீப்பர், வேறெதைக் கேட்பார்?

கைதிகள் முதலில் கந்தலைச் சுருட்டி அறைக்குள்ளேயே உதைத்தார்கள். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கி, 1966-இல் மக்கானா கால்பந்துச் சங்கம் தொடங்கினார்கள். இங்கிருந்து தப்பப் போய்க் கடலில் மூழ்கிய கோசா இன வீரரின் பெயர் அது. ஃபிஃபா விதிப்புத்தகம்தான் வேதம். புகாரா? எழுதிக் கொடு, விசாரணை நடக்கும். சிறைக்குள்ளே ஒரு நியாயமான சட்டம்! பின்னாளில் நாட்டின் அதிபரான ஜேக்கப் சூமாகூட நடுவராக நின்றிருக்கிறார். (அப்புறம் நடந்தது வேறு கதை.) மண்டேலாவுக்கும் அவரோடு தனிப்பிரிவில் இருந்தவர்களுக்கும் மட்டும் ஆட அனுமதியில்லை.

திரும்பும் வழியில் தாத்தா ஒரு கூழாங்கல்லைச் செருப்புக் காலால் தட்டிவிட்டார். "கோல்" என்றார், மெதுவாக.