வாசலில் பிள்ளை யார் கையில்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு விதிமுறைத் தாள் வீட்டுக்கு வரும். சீருடை, நகம், தலைமுடி, வருகை நேரம் எல்லாம் இருக்கும், அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. கையெழுத்தைப் போட்டுப் பிள்ளையின் பையிலேயே திரும்பச் செருகிவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. அந்தத் தாளில் எதைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டால், பிள்ளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடங்களைச் சொல்லலாம். வகுப்பறைக்குள் டீச்சர் இருக்கிறார், வீட்டுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில்தான் "அவங்க பாத்துப்பாங்கன்னு நெனச்சேன்" என்ற பேச்சு வரும்.

முதலில் காலை நேரம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதன்பிறகு வகுப்பு மணி அடிப்பதற்கு வெகு முன்பே பிள்ளைகள் வளாகத்துக்குள் இருக்கிறார்கள். சமையல் நடக்கும், சூடான சாம்பார் வாளி நடைவழியில் போகும். ஆகவே சாப்பாடு எத்தனை மணிக்கு, அந்த நேரத்தில் பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப விடுங்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஏழரை மணிக்கே பூட்டிய கேட்டின் முன்னால் இறக்கிவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். கேட் திறக்கும்வரை அந்தப் பிள்ளை யார் பொறுப்பிலும் இல்லை.

மாலையில் கூட்டிப் போவது இன்னும் சிக்கல். செட்டிநாட்டில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். அம்மா வேலைக்குப் போயிருப்பார். கேட்டுக்கு வருவது ஐயா, அப்பத்தா, மாமா, சில நாள் பக்கத்து வீட்டுக்காரர். ஒழுங்காக நடக்கும் பள்ளியில் அழைத்துச் செல்வோர் அட்டை இருக்கும். பிள்ளையின் படம், கூட்டிப் போக அனுமதி உள்ளவர்களின் படமும் பெயரும், பள்ளி முத்திரை. கேட்டருகே ஒரு நோட்டு: தேதி, நேரம், பிள்ளை பெயர், வகுப்பு, கூட்டிப் போனவர் பெயர், உறவு, கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாத அப்பத்தா என்றால் கைநாட்டு. பாதி நாளில் கூட்டிப் போனால் காரணத்துக்கும் ஒரு கட்டம்.

படம் இல்லாத ஒருவர் வந்து நின்றால் கேட்டில் நடக்க வேண்டியது இவ்வளவுதான்:

"ஆச்சி, கோவிச்சுக்காதீங்க. அட்டையில உங்க படம் இல்ல. இப்படி உக்காருங்க, அவுக அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"எம் பேரனத்தான கூப்பிட வந்தேன், அவனே சொல்றானே!"

பேரன் சொன்னால் போதாது. தெரிந்த முகம் என்றால் ஆறு வயதுப் பிள்ளை யாரைக் காட்டினாலும் தலையாட்டிவிடும். பள்ளி பதிவேட்டில் உள்ள எண்ணுக்குத்தான் போன் போட வேண்டும். வந்தவர் தன் செல்லில் போட்டுக் கொடுக்கும் எண்ணில் பேசிவிட்டு அனுப்புவது தப்பு. எதிர்முனையில் பேசுவது யாரென்று எப்படித் தெரியும்? அம்மாவும் அப்பாவும் பிரிந்து வாழும் குடும்பமாக இருந்தால், "அவரிடம் விடாதீர்கள்" என்று வாய்மொழியாகச் சொல்வதை வைத்துப் பள்ளியால் ஒன்றும் செய்ய முடியாது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள்.

வேன் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012 ஜூலையில் சென்னை சேலையூரில் பள்ளிப் பேருந்தின் தளத்து ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர். கோடை விடுமுறையில் போக்குவரத்து, காவல், வருவாய், கல்வித் துறை அதிகாரிகள் சேர்ந்து வாகனங்களைச் சோதிப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த உதவியாளர் தினமும் வருகிறாரா என்பது. பிள்ளை இறங்கியதும் வண்டிக்கு முன்னால் குறுக்கே ஓடும், குட்டையான பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. உதவியாளர் கீழே இறங்கிக் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும். கடைசி நிறுத்தம் முடிந்ததும் அவர் பின்சீட்டுவரை நடந்து பார்க்க வேண்டும், தூங்கிப்போன பிள்ளை அங்கேதான் கிடக்கும். இருசக்கர வண்டியில் கூட்டி வருபவர்களுக்கு ஒன்று: நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். உங்கள் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்த்தால் அது கணக்கில் வராது, பட்டை தாடையில் பொருந்த வேண்டும்.

இனி கட்டடம். பழைய செட்டிநாட்டு வீடுகளில் இயங்கும் பள்ளிகளுக்கென்றே சில ஆபத்துகள் உண்டு. கதவுகள் உள்பக்கமாகத் திறக்கும் கனத்த தேக்குக் கதவுகள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் கதவு திறக்கவே திறக்காது. எனவே பள்ளி நேரம் முழுக்க இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து கொக்கி மாட்டி வைக்க வேண்டும். நிலைப்படி உயரமாக இருக்கும், ஓடி வரும் பிள்ளை தடுக்கி விழும். முன்னால் விழுந்த ஒன்றின்மேல் பின்னால் வருவது எல்லாம் விழும். படிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஐப்பசி மழையில் முற்றத்துத் தண்ணீர் தெறித்து தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் நனைந்துவிட்டால் வழுக்கும். அங்கே சாக்குப் போடுவதைவிட அந்தப் பக்கம் நடப்பதையே கயிறு கட்டி நிறுத்துவது நல்லது. ஈரச் சாக்கே காலை வாரிவிடும்.

இந்த வீடுகளில் ஒரு நன்மையும் இருக்கிறது. முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாங்கட்டு என்று போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். தீ விபத்துக்கு இதைவிட நல்ல வழி புதுக் கட்டடத்தில்கூடக் கிடைக்காது. ஆனால் அந்தப் பின்வாசல் பெரும்பாலும் பூட்டியிருக்கும், சாவி வேறு யாரிடமோ இருக்கும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் இறந்த தீ சமையலறையில் தொடங்கிக் கீற்றுக் கூரைக்குத் தாவியது. வெளியேறக் குறுகலான வழிதான் இருந்தது. பள்ளிக்குப் போகும்போது பின்வாசல் பூட்டைப் பாருங்கள். தாழ்ப்பாள் போட்டிருக்கலாம், பள்ளி நேரத்தில் பூட்டு தொங்கக் கூடாது. தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்றும் பாருங்கள், சிவப்பில் நின்றால் அது வெறும் சுவர் அலங்காரம்.

தீ ஒத்திகையில் பள்ளிகள் தவறவிடுவது கடைசிக் கட்டத்தை. விடாமல் மணி அடித்ததும் பைகளைப் போட்டுவிட்டு வரிசையாக வெளியேறுவது எல்லாருக்கும் பழக்கம். வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சர் கடைசியாக வர வேண்டும், மைதானத்தில் பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். அன்று கழிப்பறைக்குப் போயிருந்த பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது. அதற்காகத்தான் கழிப்பறைக்கு இரண்டு இரண்டு பேராக அனுப்புவதும். மணி அடித்ததும் கழிப்பறையை எட்டிப் பார்க்க ஆயாம்மாவுக்குத் தனிப் பொறுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியது: செய்தி கேட்டு ஓடி வந்தால் பிள்ளையை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். எண்ணி முடிந்து, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு கூட்டிப் போங்கள். இல்லையென்றால் உங்கள் பிள்ளையைத் தேடி ஒருவர் புகைக்குள் போவார்.

ஊருணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பள்ளி விட்டு வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஊருணியோ கண்மாயோ இல்லாத ஊர் இங்கே குறைவு. மழைக்குப் பிறகு படிக்கட்டில் பாசி பிடித்திருக்கும், எத்தனை படி தண்ணீருக்குள் இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் கூடப் போன பிள்ளைதான் கையை நீட்டி அதுவும் உள்ளே போகும். கையை நீட்டாதே, துண்டையோ கொம்பையோ நீட்டு, நீட்டிவிட்டுக் கத்து என்று சொல்லிக் கொடுங்கள். நடந்து வரும் வழியை நீங்கள் ஒருமுறை கூடவே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

மருந்து. காய்ச்சல் மருந்தை "மதியம் ஒரு மூடி கொடுங்க டீச்சர்" என்று பாட்டிலோடு அனுப்புவார்கள். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. அட்டைப்பெட்டி இல்லாமல், லேபிள் அழிந்த பாட்டிலில் "ஒரு மூடி" என்றால் பிள்ளைக்கு இரட்டிப்பு அளவு போகலாம். மருத்துவர் சீட்டு, பிள்ளை பெயர், மில்லி அளவு, கடைசியாக வீட்டில் கொடுத்த நேரம் ஆகிய நான்கும் இல்லாமல் பள்ளி மருந்து கொடுக்க மறுத்தால் அது சரியே. காய்ச்சல் இருக்கும் பிள்ளையை மாத்திரை கொடுத்துக் காலையில் அனுப்புவதும் வேண்டாம். பதினொரு மணிக்கு மாத்திரையின் வேகம் குறையும், அதற்குள் பக்கத்துப் பெஞ்சுக்குப் பரவியிருக்கும். அம்மை போட்டால் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை வீட்டில்தான். வேப்பிலை கட்டித் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இங்கே எப்படியும் அதைப் பார்த்துக்கொள்ளும்! பொன்னுக்கு வீங்கிக்கு, வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். நாய் கடித்தால் மஞ்சளும் மிளகாயும் அப்பாமல், குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பள்ளியில் நடந்தால் கழுவுவது பள்ளியின் வேலை, உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கம்மல், கொலுசு, செயின் வேண்டாம் என்று பள்ளி சொன்னால் திருட்டுப் பயம் பாதிதான் காரணம். ஊஞ்சல் சங்கிலியில் மாட்டினால் காது கிழியும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்" என்று சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது, பெற்றோர் சம்மதம் கொடுத்தாலும் அது மாறாது. அடி மட்டுமல்ல, தொடுதல் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னாலும் பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க வழி கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டு எண்களையும் பிள்ளையே மனப்பாடமாகச் சொல்லட்டும்.

மழை விடுமுறையில் வரும் குழப்பம் நம் பகுதிக்கே உரியது. செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. விடுமுறையை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர். ராயவரத்தில் வீடு, காரைக்குடியில் பள்ளி என்றால் சிவகங்கை அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போன வருட அறிவிப்பும் சுற்றும், தேதியைப் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தொலைபேசி எண். சேர்க்கையின்போது அப்பாவின் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அவர் விமானம் ஏறியதும் அந்த சிம் ஓய்ந்துவிடும், பள்ளிப் பதிவேட்டிலும் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸிலும் அதே எண் நிற்கும். மூன்று எண் எழுதிக் கொடுங்கள். வரிசையை உறவின் நெருக்கத்தை வைத்துப் போடாமல், பகல் பன்னிரண்டு மணிக்கு அழைத்தால் பதினைந்து நிமிடத்தில் யார் பள்ளி வாசலில் நிற்க முடியும் என்பதை வைத்துப் போடுங்கள். அப்பத்தாவின் எண் என்றால், அந்த நேரத்தில் போன் அவர் இடுப்பில் இருக்குமா, முகப்பில் சார்ஜில் கிடக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.