கிளை மெஷின்களை ஸாபிக்ஸில் சேர்க்கப்போய் வத்தளையில் மாட்டியது

ஸாபிக்ஸ் என்பது மெஷின்களைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் மென்பொருள். கொள்ளுப்பிட்டியில் அதன் சேர்வர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளைக் கிளைகளில் ஆறு மெஷின்கள்: நாலு விண்டோஸ் பில்லிங், ரெண்டு லினக்ஸ். தரவைச் சேர்வருக்குக் கொடுக்கும் சின்ன புரோகிராமான ஏஜென்டை இன்ஸ்டால் பண்ண மெஷினுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மிச்ச நாலு நாளும் எங்கே போனது என்பதுதான் விஷயம்.

முதல் நாளை வத்தளை விழுங்கியது. வழக்கமான முறையில் சேர்வர்தான் ஏஜென்டைத் தேடிப்போய் 10050 போர்ட்டில் கேட்கும். அதற்காக, வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் மெஷினுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபோர்வர்டை ரவுட்டரில் போட்டு, விண்டோஸ் ஃபயர்வாலையும் திறந்தாயிற்று. சேர்வரில் டைம்அவுட்தான். இணைய நிறுவன ஹொட்லைனில் அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டதற்குக் கிடைத்த பலன், ரவுட்டரை நிறுத்திப் போடும்படி ஒரு ஆலோசனை. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் (WAN) ஐபி, அதாவது ரவுட்டரின் இணையப் பக்க முகவரி, என்ன என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பொது ஐபி ஒன்றைப் பல வாடிக்கையாளர்கள் பங்கு போடுகிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஒன்றும் வராது. கிளைக்குக் கிளம்ப முன்னமே அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பஸ் காசும் ஒரு நாளும் மிச்சம்.

ஆக்டிவ் முறைக்கு மாறினால் திசை புரளும்: ஏஜென்ட்தான் சேர்வரின் 10051-ஐத் தேடி வரும். நிலையான ஐபியும் திறந்த போர்ட்டும் கொள்ளுப்பிட்டியில் மட்டும் இருந்தால் போதும். கொன்ஃபிக்கில் ‘சேர்வர்’ வரியல்ல, ‘சேர்வர்ஆக்டிவ்’ வரியில் ஐபியைப் போட வேண்டும். எதையெல்லாம் அளப்பது என்று சொல்லும் டெம்ப்ளேட்டையும் ‘ஆக்டிவ்’ என்று முடிகிறதாகப் பார்த்து மாற்ற வேண்டும். இதை மறந்தால் ஹோஸ்ட் (சேர்வரில் பதிந்த மெஷின்) பட்டியலில் அழகாக நிற்கும், ஒரு தரவும் வராது.

அடுத்த பொறி பெயர். ஆக்டிவ் முறையில் ஏஜென்ட் சொல்லும் ஹோஸ்ட்நேமும் சேர்வரில் பதிந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருக்க வேண்டும்; ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உட்பட. லினக்ஸ் பக்கேஜின் கொன்ஃபிக்கில் ஹோஸ்ட்நேம் வரி ‘ஸாபிக்ஸ் சேர்வர்’ என்றே வரும், மாற்றியே ஆகவேண்டும். விண்டோஸில் பெயரைத் தானாக எடுக்க விட்டால் இன்னும் மோசம்: நெட்பயாஸ் என்ற பழைய முறைக் குறும்பெயரைத்தான் எடுக்கும். எல்லாம் பெரிய எழுத்து, அதிகபட்சம் 15. ‘வெள்ளவத்தை-பில்லிங்’ ஆங்கிலத்தில் கோட்டோடு சேர்த்து 18 எழுத்து. கடைசி மூன்றும் வெட்டுப்பட்டுப் போனது. சேர்வர் திரையில் இதற்கு ஒரு எச்சரிக்கையும் காணோம். ஏஜென்டின் லொக் ஃபைலில் மட்டும் ‘ஹோஸ்ட் கிடைக்கவில்லை’ என்று திரும்பத் திரும்பக் கிடந்தது. அதை முதலிலேயே திறந்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையின் ரெண்டு பில்லிங் மெஷின்களும் ஒரே இமேஜிலிருந்து குளோன் பண்ணியவை. கொன்ஃபிக்கும் ஒன்று, பெயரும் ஒன்று. ஒரே ஹோஸ்டுக்குள் ரெண்டின் தரவும் கலந்து, டிஸ்க் அளவு மேலும் கீழும் குதித்தது. டிஸ்க்தான் பழுது என்று நினைத்து அதைச் சோதித்தது வேறு கதை.

10051 இணையத்துக்குத் திறந்திருப்பதால் பிஎஸ்கே (இரு பக்கமும் முன்கூட்டியே வைத்திருக்கும் ஒரே சாவி) குறியாக்கம் கட்டாயம். 64 ஹெக்ஸ் எழுத்துச் சாவி போதும். சாவிக்கு வைக்கும் அடையாளப் பெயர் குறியாக்கம் இல்லாமலே போகும், அதில் ரகசியம் எதுவும் வைக்காதீர்கள். லினக்ஸில் சாவி இருக்கும் ஃபைலை ஸாபிக்ஸ் பயனரால் வாசிக்க முடியுமா என்று பாருங்கள். விண்டோஸின் பழைய பவர்ஷெல்லில் அம்புக்குறி (>) போட்டுச் சாவியை ஃபைலாக எழுதினால் யூடிஎஃப்-16 என்ற வேறு எழுத்து வடிவம் ஆகிவிடும், ஏஜென்ட் ஏற்காது. நோட்பேடில் சாதாரணமாகச் சேவ் பண்ணினோம், ஏற்றுக்கொண்டது.

ஆறும் பச்சையான அன்றைக்கே இரவு எட்டுக்குப் பில்லிங் மெஷின்களை மூடிப் போனார்கள், ஃபோனில் அலேர்ட் மழை. ஐந்து நிமிஷம் தரவு வராவிட்டால் கத்தும் டிரிகர் அது. ஆக்டிவ் முறையில் மெஷின் விழுந்ததை அறிய அது வேண்டும்தான். தினசரி மெயின்டனன்ஸ் நேரம் போட்டதும் அடங்கியது. கடை மூடும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்தான் தலையிடி: மாதாமாதம் திகதி மாறும். கலண்டரைப் பார்த்து வருஷத்துக்கு உரியதை ஒருமுறை மட்டும் என்ற வகையில் ஒவ்வொன்றாகப் போட்டுவைத்திருக்கிறோம்.